வெளியே தெரிபவை மட்டும்

மேலாளருக்கு அலுவலகத்தில் ‘மூடி’ என்று பெயர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் “முதல்ல அதை மூடு” என்பார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. சரக்கைக் கீழிருந்து மேல்தளத்துக்குத் தூக்கும் இயந்திரம் ஒன்றை அந்தக் கம்பெனி அரும்பாடுபட்டு உருவாக்கியது. வாங்க வந்தவரை நம்பி அதன் கணினி மாதிரியை முழுசாக அனுப்பிவைத்தார்கள். அடுத்த வருஷமே அச்சு அசலாக அதே இயந்திரம் வேறொரு பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் சூடு கண்ட பூனை.

அடுத்து உருவான தூக்கும் இயந்திரத்தைக் கணினியில் வரைந்தவள், அங்கே வேலை பார்த்த அவள். வாங்குபவர்களுக்கு அனுப்பும் நகலில் எந்தப் பாகம் தெரியலாம், எது தெரியக் கூடாது என்று பிரித்து வைப்பதும் அவள் வேலைதான். நட்டு நட்டாக உட்கார்ந்து மறைக்க வேண்டியதில்லை. ‘வெளியே தெரிபவை மட்டும்’ என்று ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டினால் உறைகளுக்குள் இருப்பதெல்லாம் கழன்றுபோய் இயந்திரம் வெறும் கூடாக நிற்கும். வாங்குபவர் அந்தக் கூட்டைத் தன் கட்டடப் படத்துக்குள் வைத்துப் பார்த்து, எங்கே கதவு, எங்கே நடைபாதை என்று தீர்மானித்துக்கொள்வார்.

தட்டினாள். கூடு வந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தவளுக்குப் பின்பக்கம் உறுத்தியது. அங்கே ஆள் உயரத்துக்கு மேலே ஓர் உறை, அடிப்பக்கம் திறந்திருக்கும். அதற்குள் ஒரு பெரிய இரும்பு எடை தொங்குகிறது. சரக்குத் தட்டு மேலே ஏற ஏற அந்த எடை உறையை விட்டு இறங்கித் தரைக்குப் பக்கம் வரை வரும். ஆனால் படத்தில் இயந்திரம் ஓய்வில் நிற்கிறது. எடை உறைக்குள் இருக்கிறது. ஆகவே கணினி அதையும் மறைத்துவிட்டது. உறைக்குக் கீழே பார்த்தால் வெற்றிடம்.

போய்ச் சொன்னாள்.

“சார், பின்னாடி எடை இறங்குற இடம் காலியாத் தெரியுது. எடையைக் காட்ட வேணாம். அந்த அளவுக்கு ஒரு வெறும் பெட்டியாவது வெச்சு விடட்டுமா?”

“ஏம்மா, அந்த எடை அமைப்புதான் நம்ம ரகசியமே. பெட்டியைப் பார்த்தா அதுக்குள்ள என்ன போகுதுன்னு கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? பின்பக்கம் வேலி போடணும்னு கையேட்டுல எழுதியிருக்கோம்ல? படிக்கட்டும்.”

“மெஷினோட சேர்ந்துதான் சார் கையேடு போகும். அவங்க இப்பவே இடம் ஒதுக்கிடுவாங்க.”

“நீ இருக்கறபடியே அனுப்பு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் அனுப்பினாள். நான்கு இடங்களுக்குப் போனது அந்த நகல்.

இயந்திரங்கள் போய் நின்று சில மாதங்கள் கழிந்திருக்கும். ஒருநாள் மதியம், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. அழுகைதான் முதலில் கேட்டது. “மாமாவுக்கு அடிபட்டுருச்சுடி. கை… கையை எடுக்கணுங்கறாங்க.”

அக்காவின் கணவர் எலெக்ட்ரீஷியன். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வேலை பார்ப்பவர். கொழுந்தியாளைக் கேலி பண்ணாமல் ஒருநாளும் வாசலைத் தாண்டமாட்டார். “உன் அக்காவைக் கட்டினேன், நீ இலவச இணைப்பு” என்பார். இவள் படிப்புக்கு அலைந்தபோது பரீட்சை அறை வரை கூடவே வந்து நின்றவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரிக்கு இவள் போய்ச் சேருவதற்குள் வலது கையைத் தோளோடு எடுத்திருந்தார்கள். மறுநாள்தான் அவரால் பேச முடிந்தது.

“புதுக் கிடங்கு அது. லைட்டுக்கு மின்பெட்டி வெச்சிருந்தாங்க, அந்தத் தூக்குற மெஷினுக்குப் பின்னாடி. நான் ஸ்க்ரூவை முடுக்கிக்கிட்டு நிக்கறேன். அந்தப் பக்கம் எவனோ சரக்கேத்திப் பட்டனை அமுக்கியிருக்கான். மேலேருந்து இடி மாதிரி…” நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “இங்க எதுக்குப் பெட்டி வெச்சீங்கன்னு கிடங்கு இன்ஜினியர்கிட்ட நான் முன்னாடியே கேக்காம இல்ல. கம்ப்யூட்டர்ல மெஷினைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். இடம் காலியாத்தான் இருந்துச்சு.”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கம்பெனி மெஷின் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அவள் அலுவலகம் போனபோது மூடிக்குச் சேதி எட்டியிருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “பாவந்தான். ஆனா கையேட்டுல எச்சரிக்கை இருக்கு. நம்ம மேல தப்பில்ல. யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே.”

“மத்த மூணு இடம் சார்?”

“அங்க ஒண்ணும் ஆகலையே.”

அவள் தன் மேஜைக்கு வந்தாள். மாதிரியைத் திறந்தாள். எடையைக் கடைசி வரை கீழே இறக்கினாள். மறைத்ததை வெளியே எடுத்தாள். அது மேலும் கீழும் போகும் வழி முழுக்கச் சிவப்பில் ஒரு கட்டம் போட்டாள். யாரையும் கேட்காமல் மூன்று இடத்துக்கும் அனுப்பினாள். மெயிலை எப்போது பார்ப்பார்களோ என்று ஒவ்வொருவரையும் போனிலும் கூப்பிட்டாள். இரண்டு இடத்தில் வேலி போட்டிருந்தார்கள். மூன்றாவது இடத்தில் எடுத்தது ஒரு பெண்.

“மெஷினுக்குப் பின்னாடியா? நிழலா இருக்குன்னு எங்க ஆளுங்க அங்கதாங்க உக்காந்து சாப்பிடுவாங்க,” என்றாள் அந்தப் பெண் சாதாரணமாக.

“எழுப்புங்க. இப்பவே எழுப்புங்க. மெஷினை நிறுத்திட்டு என்கிட்ட பேசுங்க.”

சாயங்காலமே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அவள் நடந்ததைச் சொன்னாள். “பாகங்களை மறைச்சது அந்தப் பொண்ணு. எனக்கென்ன தெரியும்?” என்று மேலாளர் கையை விரித்தார். குற்றம் இருவர் பேரிலும் எழுதப்பட்டது. அவள் அதை மறுக்கவில்லை.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் காதுபடவே சொன்னாள்.

“நீ வரைஞ்சதா?” என்றாள் அக்கா.

“ஆமா.”

“அது இறங்கும்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்க்கா. சொல்லிப் பாத்தேன். வேணாம்னாரு. விட்டுட்டேன்.”

அக்கா அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை. “விட்டுட்டியா,” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈரத் துணியைப் பிழிந்து கணவனின் முகத்தைத் துடைக்கப் போய்விட்டாள். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கேலி பேசும் அந்த வாய் இறுகிப்போயிருந்தது.

வீட்டுக்கு அவரைக் கொண்டுவந்த பிறகும் அக்கா அவளை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் போய்க்கொண்டிருந்தாள். அக்கா வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். பகலில் ஆளில்லை. ஒரு காலை, செருப்பை மாட்டிக்கொண்டே, தட்டை அவள் கையில் திணித்தாள்.

“இடது கையால இன்னும் பழகல. கொட்டிக்கறாரு. ஊட்டி விடு.”

அக்கா போய்விட்டாள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வாயை எடுத்து நீட்டினாள். மாமா அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வாயைத் திறந்தார். மென்றார். மறுபடி திறந்தார். தட்டு காலியாகும்வரை அப்படித்தான்.

“தண்ணி,” என்றார். அந்த மாதம் முழுக்க அவளிடம் அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.