சட்டை போடத் தெரிந்தவன்

ஹோமிலிருந்து வந்த மறுநாள் காலை, என் மச்சினன் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான், தையல்காரனிடம் அளவு கொடுக்கிறவனைப் போல. சட்டை நாற்காலியில் கிடந்தது.

"என்ன துரை, யாருக்கு வெயிட்டிங்?" என்றேன்.

"சட்டை" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மனைவி சிரிக்கவில்லை.

துரை என்பது நான் வைத்த பட்டம். சட்டை மாட்ட அவன் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் வேறொருவன் கல்யாணமே முடித்துவிட்டு வந்துவிடுவான். நாற்பதை நெருங்குகிற ஆள். எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வான், பிறவியிலேயே அப்படி. ஆனால் கற்றுக்கொண்டதை விடமாட்டான். பொத்தானைக் கீழிருந்து மேலே போட வேண்டும், அப்போதுதான் ஏறுமாறாகப் போகாது என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்தவள் அவன் அக்கா, அதாவது என் மனைவி. அவன் திணறும்போது உதவப் போய்விடக்கூடாது என்று தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பொறுமையில்லாமல் கையை நீட்டினால் பட்டென்று தட்டிவிடுவாள்.

அந்தப் பொத்தான்தான் அவனுக்கு வேலை வாங்கிக்கொடுத்தது. சலவைக் கூடத்தில் துண்டு மடிக்கிற வேலை. தானாகக் கிளம்பி வாசலில் நிற்கிறவர்களை மட்டும்தான் அவர்கள் வேன் ஏற்றிக்கொள்ளும். அவன் மடித்த துண்டின் ஓரம் அப்படி ஒரு நேராக இருக்கும். என் துணிகளை மடிக்கச் சொன்னால் மட்டும், "சம்பளம் குடுப்பீங்களா மாமா?" என்பான்.

இவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய் ஆபரேஷன் என்று ஆனது. முதல் காலுக்கு ஒரு மாதம் அவளால் எழுந்து நடமாட முடியாது. எனக்கு பஸ் டிப்போவில் ஷிப்ட் வேலை. அதனால்தான் அந்த மாதம் துரை, இவனைப் போன்றவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஹோமில் தங்கினான். நல்ல இடம், பொய் சொல்லக்கூடாது. படுக்கை விரிப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது, சாப்பாட்டில் குறையில்லை, வேலை செய்கிறவர்கள் முகம் கோணாதவர்கள். பையன் கன்னத்தில் சதை போட்டு வந்திருக்கிறான் என்று எனக்குச் சந்தோஷம்கூட.

கன்னம்தான் வந்தது. மற்றதெல்லாம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. பொத்தான் போடவில்லை. செருப்புக்குக் காலை நீட்டினான். தட்டின் முன்னால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இவள் பிடிவாதமாகக் காத்திருந்து பார்த்தாள். வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். கடைசியில் சலவைக் கூடத்திலிருந்து போன் வந்தது, இப்படியே போனால் வேறு ஆள் பார்ப்போம் என்று. அன்றைக்கு இவளே பொத்தானைப் போட்டு அனுப்பினாள். போட்டுவிட்டு சமையலறைக்குப் போய் அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஹோமுக்குக் கிளம்பிவிட்டாள். துரையும் நானும் பின்னால் போனோம்.

"நல்லா இருந்த பையனை ஒண்ணுமில்லாம ஆக்கிட்டீங்களே!" வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

மேற்பார்வை பார்க்கும் அம்மா எங்களை உட்கார வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "காலையில எல்லாரையும் கிளப்பி டிபனுக்கு உக்கார வைக்கணும். கையில ஆளுங்க கம்மி. ஒருத்தர் பொத்தான் போடுற வரைக்கும் நிக்க முடியாதுங்கறது வாஸ்தவம். ஆனா தப்பா நினைக்காதீங்க, தானா போடுவார்னு தெரிஞ்சிருந்தா முயற்சியாவது பண்ணியிருப்போம். சேர்க்கும்போது நீங்கதானே சொன்னீங்க, எதுவும் தெரியாது, ஊட்டி விடணும், உடுத்தி விடணும்னு?"

சொன்னாள்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். ரொம்ப முடியாதவர்களுக்குத்தான் முதலில் இடம் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. கொஞ்சம் தெரியும் என்று சொன்னால், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்திருக்கிற எல்லாரும் அங்கே போய் அந்தப் பொய்யைத்தான் சொல்கிறார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் விஷயத்தில் வாய் எங்களுடையது, கெட்டது அவன்.

இவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியும்ல? நீ சொல்லியிருக்கலாம்லடா?"

"நீதானே தெரியாதுன்னு சொன்னே" என்றான் துரை. "அப்புறம் எல்லாரும் சிரிச்சோம். ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தே."

இடம் கிடைத்த சந்தோஷத்தில் வாங்கிக்கொடுத்தோம். அவன் அதை வேறு கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறான். ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் பாராட்டுவது அவள் வழக்கம். தெரியாது என்பதையும் அவன் அப்படித்தான் கற்றுக்கொண்டிருக்கிறான். எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அடுத்த முழங்காலுக்குத் தேதி குறித்தார்கள். மறுபடி ஹோம்தான் கதி. இந்தத் தடவை சேர்க்கை அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

"உண்மையச் சொன்னா இடம் போயிடும்" என்றேன்.

"போகட்டும். அவன் முன்னாடி அந்த வார்த்தைய இனிமே சொல்ல மாட்டேன். நீங்களும் வாயத் திறக்கக் கூடாது."

"உன் கால்?"

"நொண்டிக்கிட்டே இருந்துட்டுப் போறேன்."

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, மரியாதை தெரிந்த பெண்மணி. துரை அக்காவின் பக்கத்தில் சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

"டிரஸ் எல்லாம் தானா போட்டுக்குவாரா?"

"போட்டுக்குவான்" என்றாள் இவள். "நேரம் ஆகும், கொஞ்சம் காத்திருக்கணும். ஆனா அவனே..."

துரை பதறிப்போய் அவள் கையைப் பிடித்தான். அக்கா மறந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"இல்ல மேடம், எனக்குத் தெரியாது. சட்டை தெரியாது, செருப்பு தெரியாது, சாப்பிடத் தெரியாது. எதுவுமே தெரியாது." தடுமாறாமல், ஒன்றுவிடாமல் சொன்னான்.

அதிகாரி இவளைப் பார்த்துப் பரிவாகத் தலையசைத்தார். "நீங்க அக்கா, உங்களுக்கு அப்படித்தான் சொல்லத் தோணும். புரியுதுங்க. இடம் கண்டிப்பா குடுத்துடலாம்."

துரை முகமெல்லாம் சிரிப்பாக அவளிடம் திரும்பினான்.

"கரெக்டா சொன்னேனாக்கா?"