யாரோ கழற்றிக் கொடுத்த ஸ்வெட்டர்

...இதுவும் இல்லை, இந்த நீலப் போர்வையும் இல்லை, மகளுக்கு இவள் வாங்கிக் கொடுத்தது பச்சை, ஓரத்தில் வெள்ளைக் கரை, கடைகடையாக ஏறி இறங்கி வாங்கியது, எங்கே போயிற்று? பல்கலைக்கழக விடுதியின் கீழ்த்தளத்தில் இப்படி ஓர் அறை, படிப்பை முடித்துப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் மேசை விளக்கு, கெட்டில், துணிமணி எல்லாம் இங்கே வந்து சேரும், வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவு குப்பை குறையுது தெரியுமாம்மா என்று மகள் வாய் ஓயாமல் சொல்வாள், விடுமுறைக்கு வந்தாலும் இதே பேச்சு, "ஊர்க் குப்பையெல்லாம் உன் தலையிலதான் விடிஞ்சுதா?" என்று இவள் எரிந்து விழுந்ததும் உண்டு... ஏன் அப்படிச் சொன்னோம்? காய்ச்சல் என்று படுத்த மகள் எழுந்திருக்கவே இல்லை. மகள் தங்கியிருந்த அறைக்குள் கால்வைக்க மனமில்லாமல் இவள் நாளைக் கடத்த, விடுதிக்காரர்கள் காலி செய்து வழக்கம்போல எல்லாவற்றையும் இங்கே இறக்கிவிட்டார்கள், யாரைக் குறை சொல்ல?

இந்தக் கீழ்த்தள அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண், மகளின் தோழி, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "ஆன்ட்டி, உங்க போர்வையை வந்த புதுசுலயே ஒருத்திக்குக் குடுத்துட்டா. உங்க பொண்ணு வச்சிருந்தது, போட்டது எல்லாமே இங்கேருந்து எடுத்ததுதான்." கொடுத்துவிட்டாளா? போனில் கேட்டபோதெல்லாம் கதகதப்பா இருக்கும்மா என்றாளே, பொய்க்காரி, என் கண்ணே, பொய்க்காரி... செத்தவள் மேல் கோபப்படலாமா? படலாம், பெற்றவள் படலாம். வேறென்ன மிச்சம் இருக்கிறது கோபத்தைத் தவிர, வீட்டில் தலையணை உறையைக்கூடப் பழக்கதோஷத்தில் துவைத்துப் போட்டாயிற்று, அவள் வாசம் ஒட்டிய துணி ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தது.

"இது அவ தினமும் போட்டது," தோழி சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றை நீட்டினாள், முழங்கையில் ஒட்டுப் போட்டது, இவள் கண்ணால் கண்டிராதது. முகத்தில் பொத்திக்கொண்டாள். இருந்தது, வாசம் இருந்தது, கழுத்தோரத்தில் தலை எண்ணெயும் வியர்வையும், நெஞ்சு உடைந்து அழுகை பொங்கியது, வந்துட்டேன்டி, அம்மா வந்துட்டேன்... தோழி இவள் தோளைத் தொட்டு ஆறுதலாகத்தான் சொன்னாள்: "நல்லவேளை ஆன்ட்டி, விஷயம் தெரியாம ஒரு பொண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டிருந்தா. நீங்க வர்றீங்கன்னதும் இப்பத்தான் கழட்டிக் குடுத்துட்டுப் போனா."

இவள் முகத்தை எடுக்கவில்லை. இன்னொரு முறை மூச்சை இழுத்தாள், மெதுவாக, ஆழமாக... இதில் யார் மகள்? யார் அந்தப் பெண்? பெற்று வளர்த்தவளுக்குத் தெரிய வேண்டாமா? தெரியவில்லையே.