காருக்குள் சொன்னது

பயிற்சியாளர் ஹெலன் கடிதத்தை மேசையில் வைத்து மேனுகாவின் பக்கமாகத் திருப்பிவிட்டாள். "நீயே வாசி. எனக்கு வாய் வரவில்லை" என்றாள்.

2013 ஜூன்; மேனுகா குடியேறிய நாட்டில் அது குளிர்காலம். பனிமலைக் கிளப் அறையில் ஹீற்றர் இரைந்துகொண்டிருந்தது. தேசிய அணித் தேர்வுப் போட்டிக்கு ஆறு கிழமை இருந்தது. மேனுகா சக்கர நாற்காலியை மேசையோடு ஒட்டிக்கொண்டு வாசித்தாள். அரைப் பக்க ஆங்கிலம். போரில் இரண்டு கால்களையும் இழந்தவள் இவள்; துவக்குச் சத்தம் இவளைக் குலைத்துவிடுகிறது; இரவில் நித்திரையில்லாமல் அலறுகிறாள்; இவள் கையில் துவக்கைக் கொடுப்பது எல்லோருக்கும் ஆபத்து. கீழே பெயரில்லை. கிளப்பில் யாருக்கோ எரிச்சல் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். அப்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது: 'முதல் நாள் சுட்டபோது இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள்.'

அது 2009 ஜூலை. ஊரில் சண்டை முடிந்து இரண்டு மாதம். இரண்டு சறுக்குப் பலகைகளின் மேல் பூட்டிய சின்ன இருக்கையில் இடுப்பை வாரால் இறுக்கி, கைத்தடிகளை ஊன்றிப் பனியில் தள்ளிப்போக அவள் பழகியிருந்தாள். அதில் பயமே இல்லை. ஆனால் இந்த விளையாட்டில் சுற்றை முடித்து, மூச்சு வாங்க வாங்கப் படுத்து, ஐந்து இலக்கு வட்டங்களைச் சுடவும் வேண்டும். பக்கத்தில் யாரோ சுட்ட காற்றுத்துவக்கின் 'டப்' என்ற சத்தத்துக்கே உடம்பு அவள் சொல்லைக் கேட்காமல் போய்விட்டது. பனி உருகி நனைந்துவிட்டது என்று ஹெலனிடம் சொன்னாள். திரும்பிவரும் வழியில் அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். கேதீஸ்வரன் காரை ஓரங்கட்டி, தன் கம்பளி ஜம்பரைக் கழற்றி அவள் மடியில் போட்டான். "இது எங்கள் ரெண்டு பேரோடையும் போகட்டும்" என்றான். அவளுடைய ஒன்பது வயதில் ஷெல் விழுந்த அன்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன். அவனிடம் மறைக்க அவளுக்கு என்ன இருந்தது?

அடுத்த கிழமையும் போனாள். அதற்கடுத்த கிழமையும். மூச்சை விட்டு, நிறுத்தி, விசையை இழுக்கும் அந்த ஒரு நொடிதான் உலகத்திலேயே அவளுக்குச் சத்தமில்லாத இடம் என்று ஆகிவிட்டது. கனடாவில் முதல் போட்டியில் கடைசி ஆளாக வந்தாள். இந்த மார்ச்சில் பின்லாந்தில் இருபது குண்டும் தவறாமல் ஏழாவதாக வந்தாள். உள்ளூர்ப் பத்திரிகை துவக்கோடு அவள் படத்தைப் போட்டது.

"பொய் என்று சொல்லு, நான் கமிட்டியோடு சண்டை பிடிக்கிறேன்" என்றாள் ஹெலன்.

"கடைசி வரி உண்மை" என்றாள் மேனுகா.

ஹெலன் அதற்குப் பிறகு மெதுவாகத்தான் பேசினாள். மனநல வைத்தியரின் சான்றிதழ் வரும்வரை துவக்கைத் தொடக்கூடாது என்பது கமிட்டியின் முடிவு. வைத்தியர் கொடுத்த தேதி செப்டம்பரில். தேர்வு அதற்குமுன் முடிந்துவிடும். சறுக்கு ஓட்டத்துக்கு மட்டும் வரலாம். யார் எழுதியிருப்பார்கள் என்று ஹெலன் கேட்டாள். தெரியாது என்று மேனுகா சொன்னாள். ஹெலனிடம் அவள் சொன்ன இரண்டாவது பொய் அது.

அன்றிரவு, கிளென் வேவர்லியில் அவர்கள் இருந்த வீட்டில், கேதீஸ்வரன் பஸ் ட்ரைவர் உடுப்போடு குசினிக் கதிரையில் இருந்தான். அண்ணி ரஞ்சினி அடுப்படியில் நின்றாள்.

"அண்ணா, அந்தக் கடிதம் நீங்களோ எழுதினது?"

எந்தக் கடிதம் என்று அவன் கேட்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்தான்.

"பேப்பரிலை துவக்கோடை உன்ர படம். ரஞ்சினியின்ர தம்பி அகதியா வந்து ஒண்டரை வருசமா இஞ்சை தடுப்பு முகாமிலை கிடக்கிறான். பாதுகாப்பு விசாரணை இன்னும் முடியேல்லை. அவன்ர குடும்பத்திலை வன்னிப் பெட்டை ஒண்டு துவக்கோடை நிக்குது எண்டு கண்டா விசாரிக்கிறவங்கள் என்ன நினைப்பாங்கள், இயக்கக்காரி எண்டுதானே?"

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா விட்டிருப்பியோ?"

சுடுவதை விட்டிருப்பாளா என்று மேனுகாவுக்கே தெரியவில்லை. அந்தக் கேள்வியையும் அவன் அவளிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தான்.

"அலறுறன் எண்டு பொய் எழுதினியள். போகட்டும். காருக்குள்ளை சொன்னதை ஏன் எழுதினியள்?"

கேதீஸ்வரன் நிலத்தைப் பார்த்தான். "பொய்யை மட்டும் எழுதினா நம்பமாட்டினம், மேனு."

ரஞ்சினி அடுப்பை நிறுத்தினாள். "என்ர தம்பியின்ர பேரைச் சொல்லியே இதைச் செய்தனீங்கள்?" என்று புருசனைக் கேட்டாள். மேனுகா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை சில்லுப் பூட்டிய பயிற்சி இருக்கையைத் தானே முற்றத்துக்கு இழுத்துக்கொண்டுவந்து ஏறினாள். வார் இறுக்க நேரமெடுத்தது. தெருவில் இறங்கிச் சிறிது தூரம் போனதும் பின்னால் காரின் சத்தம். வேறு வண்டிகள் அவளை முட்டாதபடி, இரண்டு பக்க லைற்றையும் மினுக்கிக்கொண்டு, கேதீஸ்வரன் ஆள் நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தான். அவள் திரும்பவில்லை. ஓடைக்கரைச் சைக்கிள் பாதை தொடங்கும் இடத்தில் கார் நுழையாமல் இரண்டு இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். உடம்பைக் குறுக்கி, கைத்தடிகளை ஒடுக்கிப் பிடித்து, அவற்றுக்கு நடுவால் நுழைந்தாள்.

கார் நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மேனுகா தடிகளை ஊன்றித் தள்ளினாள். பின்னால், ஈரக் கம்பங்களில் காரின் மஞ்சள் வெளிச்சம் விட்டுவிட்டு விழுந்துகொண்டேயிருந்தது.