ஈரச் சாக்கில் சுற்றிய பூட்ஸ்

1
இந்தக் கதை என் நாட்குறிப்பிலிருந்து வந்தது. மாலைக் கதை எழுதும் வகுப்புக்காகத் தினமும் எட்டு வரி எழுதுகிறேன். பாதி வரிகள் அன்றைக்கு அக்கா எங்கே போனாள் என்பதுதான். அவளுக்குத் தவளை எண்ணும் வேலை. குளம் குளமாக இறங்கி, நோயில் செத்தவை எத்தனை, மிச்சம் எத்தனை என்று குறித்து வருவாள்.

2
முதல் தொடக்கம்: "தோலில் படரும் பூஞ்சை ஒன்று தவளைகளை..." (பாடப்புத்தகம். அடித்துவிட்டேன்.)
இரண்டாவது: "அவள் ஒரு கொலை—" (இதையும்.)

3
நடந்ததைச் சொல்கிறேன். அக்கா மேசையில் வரைபடத்தை விரித்திருந்தாள். ஏழு குளங்களில் ஆறில் தவளைகள் செத்துவிட்டன.

"எப்படிப் பரவுதுன்னே தெரியல. தலையப் பிச்சுக்கலாம் போல இருக்குடா."

"சாவு ஆரம்பிச்ச தேதியச் சொல்லு. நீ எப்பப் போனேன்னு நான் படிக்கிறேன்." என் குறிப்பின் பெருமையைக் காட்டத்தான் சொன்னேன்.

"மூணாவது குளம், ஜூன் பன்னெண்டு."

"மே பத்து போயிருக்க."

"நாலாவது, ஜூலை எட்டு."

"ஜூன் அஞ்சு."

அக்காவின் பேனா நின்றது. ஐந்தாவதை அவள் கேட்கவில்லை. (என் குறிப்பில் பிழை இருக்குமோ என்று இரண்டு முறை பார்த்தேன். இல்லை.) முதல் குளத்தில் நோய் முன்பே இருந்தது. மற்ற ஐந்திலும், சாவுக்கு ஒரு மாதம் முன்னால் அவள் இறங்கியிருக்கிறாள்.

"பூட்ஸக் கழுவுவியே?"

"கழுவுவேன். ரப்பர் வெடிக்காம இருக்க ஈரச் சாக்குல சுத்தி வைப்பேன்." அப்புறம், வாய்க்குள்ளேயே: "காய விட்டிருந்தா அந்தப் பூஞ்சை செத்திருக்கும். கூட எண்ணுற பத்துப் பேருக்கு நான்தான்டா இதச் சொல்லிக்குடுத்தேன்."

4
முடிவு ஒன்று: மேலதிகாரியிடம் சொல்கிறாள். வேலை போகிறது. (இன்னும் அவள் வாய் திறக்கவில்லை.)
முடிவு இரண்டு: சத்தமில்லாமல் தன் பூட்ஸை வெயிலில் வைக்கிறாள். (அந்தப் பத்து ஜோடி?)

"எழுதுறதா இருந்தா, நான்னு தெரியாம தவளைய எலியாக்கிடு" என்றாள். முயன்றேன். எலி வளைக்குள் யாரும் பூட்ஸோடு இறங்குவதில்லை.

5
நாளை காலை அந்தப் பத்துப் பேரும் ஏழாவது குளத்துக்குப் போகிறார்கள். அக்கா தொலைபேசியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இன்று மாலை ஆறு மணிக்கு வகுப்பு. அதுவரை அவளுக்கு நேரம் கொடுத்திருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.

இதை நான் வாசிக்க நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால், அவள் யாரையும் அழைக்கவில்லை என்று பொருள். முன்வரிசையில் இருக்கும் மேடம், அந்த மேலதிகாரி உங்கள் வீட்டுக்காரர். முடிவை இனி நீங்கள்தான் எழுத வேண்டும்.