மருந்தேறிய விரல்

வெயிலுக்கு முன்னால் ஊசி போட்டு முடித்தாக வேண்டும். சூடு ஏறினால் மீன் தாங்காது. பேரணாம்பட்டு சாலை மீன் பண்ணையில் விடியும் முன்பே தொட்டியில் கிராம்பு எண்ணெய் கலந்தாயிற்று. அதில் மயங்கிய ஜிலேபிக் கெண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மல்லாத்தி, வயிற்றில் தடுப்பூசி குத்தி, நல்ல தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள் தேவிகா. இடுப்புவரை ஈரம். கையுறைக்குள் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

போன மழைக்காலத்தில் பாக்டீரியா நோய் வந்து, கண் பிதுங்கி, சுழன்று சுழன்று மீன்கள் செத்தன. பண்ணையை மூடினார்கள். இப்போது நடப்பது சோதனை: ஒரு குளத்து மீனுக்குப் புதுத் தடுப்பூசி, அடுத்த குளத்துக்கு இல்லை. மருந்து பலித்தால் பண்ணை பிழைக்கும். ஆம்பூரில் ஷூ கம்பெனி மூடியபின் இங்கே வந்த பெண்களும் பிழைப்பார்கள்.

"தாவத் விருந்துக்கு வந்த மாதிரி கிராம்பு வாசனை தூக்குது அக்கா. ஆனா விருந்து மீனுக்குத்தான்," என்றாள் பக்கத்தில் நின்ற அம்பரீன்.

தேவிகா சிரிக்கவில்லை. அம்பரீனின் இடது கட்டைவிரல் வீங்கி, கையுறையைப் புடைக்க வைத்திருந்தது.

"இன்னாடி இது?"

"நேத்து குத்திக்கிச்சு. சொல்யூஷன் தடவிட்டேன்."

ஷூ கம்பெனியில் அதுதான் வழக்கம். மெஷின் ஊசி விரலில் இறங்கினால், தோல் ஒட்டும் பசையைத் தடவிக்கொண்டு அடுத்த ஜோடியை எடுப்பார்கள். தேவிகா கையுறையைக் கத்தரித்தாள். இறுகிய பசைக்கடியில் விரல் கருநீலமாக இருந்தது. இந்தத் தடுப்பூசி எண்ணெயில் கலந்த மருந்து. குத்திக்கொண்டால் சதைக்குள்ளேயே தங்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சோதனையை நடத்தும் விஞ்ஞானி முதல் நாளே எச்சரித்திருந்தார். ஊசி முனைக்குத் தடுப்பு வளையமும் கொடுத்திருந்தார். வேலை மெதுவாகிறதென்று முதலாளி ராஜகோபால் அதைக் கழற்ற வைத்தார்.

"ஏன்டி சொல்லல?"

"குத்திக்கிச்சுன்னு சொன்ன சுகராவ வேலைய விட்டே நிறுத்திட்டாரே மொதலாளி."

அதற்குள் ராஜகோபாலே வந்துவிட்டார். "கை ஏன் நிக்குது?"

"அம்பரீனுக்கு மருந்து ஏறிடுச்சு சார். வண்டி வேணும்."

"ஷூ கம்பெனில குத்துனதே இல்லையா?"

"குத்துச்சு சார். அங்க ஊசில நூல் இருந்துச்சு. இங்க மருந்து இருக்குது."

"முடிச்சுட்டுப் போகட்டும். இன்னிக்கு விட்டா சோதனையே பாழு. மறுபடி நோய் வந்தா உங்க பொழப்பும் சேந்துதான் போவும்."

அது பொய்யில்லை. அம்பரீன் வலக்கையால் அடுத்த மீனைத் தேடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் தேவிகா மற்ற பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"தொட்டில இருக்கறத மொதல்ல நல்ல தண்ணில விடுங்கடி. ஒண்ணும் சாகக் கூடாது. அப்பால ஊசிய வைங்க."

செவுள் அசையும்வரை மீன்களைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்திருந்தார்கள். பிறகு ஊசிகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன.

"வளையத்த மாட்டுங்க சார். சுகராவக் கூப்பிடுங்க. அப்புறம் குத்தறோம்."

"ஆளுக்கா பஞ்சம்? கேட்டுல வந்து நிப்பாங்க!"

"வரட்டும். அவங்களுக்கும் இதே விரல்தானே சார்."

வண்டி வரவில்லை. பெண்களே சாலையில் ஓர் ஆட்டோவை மறித்தார்கள். அம்பரீனோடு தேவிகா ஏறியதும், கூட ஊசி போட்டுக்கொண்டிருந்த கவிப்ரியா ஓடி வந்தாள்.

"தள்ளி உக்காருங்க. எனக்கும் போன வாரம் குத்துச்சு. டாக்டர்கிட்ட நானும் சொல்றேன்."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"விரல் போய்டுமா அக்கா?" என்றாள் அம்பரீன்.

தேவிகா அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தாள். மற்றொரு ஆட்டோவுக்குக் கை காட்டினாள். பண்ணைக்குள்ளே ராஜகோபால் கத்திக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்ட பெண்களில் ஒருத்திகூட ஊசியை எடுக்க எழுந்திருக்கவில்லை.