பெட்டியைத் திறக்கக் கூடாது

"திறக்கக் கூடாது" என்று அந்த அதிகாரி மூன்றாவது தடவை சொன்னபோதுதான் எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

பெட்டிக்குள் இருப்பது என் கணவர் பார்த்திபன் என்று அவர் கையில் இருந்த காகிதம் சொன்னது. எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோயில். தெரு மொத்தமும் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அதிகாரியின் பெயர் சுப்புராமன். சென்னையிலிருந்து ஆம்புலன்ஸ் கூடவே வந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். நான்கு மணிக்குள் அவருக்கு என் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான்.

"மூணு மாசம் ஆயிடுச்சும்மா. பார்த்தா தாங்கமாட்டீங்க. அப்படியே எடுத்துட்டுப்போய் எரிச்சிடுங்க."

"தாங்கறது என் பாடு சார். மூஞ்ச பாக்காம எப்பிடி வாய்க்கரிசி போடறது? மூடி மேல தூவிட்டு வரணுமா?"

என் மாமியார் பார்வதம் விடிந்ததிலிருந்து கையில் ஒரு பிடி அரிசியை மூடி வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அந்த அரிசியைக் கீழே வைக்கவுமில்லை.

"தங்கச்சி, சார் சொல்றத கேளு" என்றான் தமிழ்வாணன்.

இவனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. என் மாமியாரின் அண்ணன் மகன். என் வீட்டுக்காரரைச் சண்டை நடக்கிற நாட்டுக்கு அனுப்பிய புண்ணியவான் இவன்தான்.

அவர் மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். கான்ட்ராக்ட் ஆள். கையை உள்ளே விட்டால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை, உற்பத்தி குறைகிறது என்று யாரோ கழற்றி வைத்திருந்தார்கள். ஒரு நாள் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. கம்பெனி டாக்டர் 'அன்ஃபிட்' என்று எழுதினார். அடுத்த மாதம் கம்பெனி பஸ் எங்கள் ஸ்டாப்பில் அவருக்காக நிற்கவில்லை.

பிறகு மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக இருந்தார். அங்கே தங்கியவர்களில் பாதிப்பேர் அந்த நாட்டுக்காரர்கள். அந்த நாட்டின் பெயரை நான் சொல்லமாட்டேன், சொன்னால் வாய் கசக்கிறது. அவர்கள் பக்கத்து நாட்டோடு சண்டை தொடங்கினார்கள். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்றார்கள். ஒரு வருடம் போனது, இரண்டு வருடம் போனது. அங்கிருந்து வருகிற கூட்டம் நின்றது, லாட்ஜ் காலியானது, முதலில் வேலை போனது என் வீட்டுக்காரருக்கு. எங்கேயோ பனியில் அடித்துக்கொள்கிறவர்களால் இங்கே கடற்கரையில் எங்கள் சோற்றில் மண் விழுந்தது. சரி, அதோடு விட்டார்களா?

அப்போதுதான் இவன் வந்தான். "மச்சான், அங்க ஆளுங்கல்லாம் சண்டைக்கு போயிட்டானுங்க, குடோன்ல பெட்டி அடுக்க ஆளு இல்ல. ரெண்டு வெரல் இல்லாட்டி இன்னா, அவனுக்கு எடுபிடி ஆளுதான வேணும்" என்றான். மூன்று லட்சம் வாங்கிக்கொண்டான்.

போய் இறங்கியதும் புரியாத எழுத்தில் இருந்த காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அது பட்டாளத்தில் சேர்வதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. அங்கேயும் ஒரு டாக்டர் பார்த்தார். இவருக்கு விரல் இல்லாததை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? 'ஃபிட்' என்று எழுதினார். ஊரில் ஒரு மெஷின் ஓட்டத் தகுதியில்லாத கை, அங்கே துப்பாக்கி பிடிக்கத் தகுதியாகிவிட்டது. அவருடைய குரல் கடைசியாக வந்து ஏழு மாதம். அதை இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

"சங்கரி, லெப்ட் கைல சுட கத்துக்குடுத்துட்டானுங்கடி. பாப்பாக்கு சொல்லாத."

எங்கள் பாப்பா சிநேகாவுக்கு ஆறு வயது. அன்று அவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன்.

"தொறங்க" என்றேன் ஆம்புலன்ஸ் டிரைவரிடம். அவர் அதிகாரியைப் பார்த்தார். "அங்க இன்னா பாக்கற? புருஷன் எனக்கா அவருக்கா?"

ஸ்குரூ கழன்றது. உள்ளே தகரம். அதையும் வெட்டினார்கள். நாற்றத்தில் தெரு இரண்டடி பின்னால் போனது. முகத்தில் கட்டு. கட்டுக்குக் கீழே முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. மாமியார் எழுந்து வந்து அரிசிப்பிடியை நீட்டினார், எங்கே போடுவது என்று தெரியாமல் அவர் கை அந்தரத்தில் நின்றது.

நான் வலது கையைத் தேடினேன். துணியை விலக்கினேன். கறுத்திருந்தது, ஆனால் முழுசாக இருந்தது. ஒரு தடவை எண்ணினேன். என் கண் மேலேயே நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் எண்ணினேன்.

"அத்தே, அஞ்சு வெரல் கீது."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "என் புள்ள இல்ல! என் புள்ள உயிரோட கீறான்!" என்று மார்பில் அடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டத்தில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவர் இங்கே வந்திருக்கிறார் என்றால் அவர் எங்கே?

தமிழ்வாணன் என் காதருகே வந்தான். "தங்கச்சி, பேஜாரு பண்ணாத. இத்த எரிச்சாதான் சர்டிபிகேட்டு. சர்டிபிகேட்டு இருந்தாதான் அந்த நாட்டுக்காரன் நஷ்டஈடு குடுப்பான். பாப்பாவ நெனச்சிப்பாரு. யாரா இருந்தா இன்னா, ஒரு காரியம் பண்ண புண்ணியம்."

காறித் துப்பத்தான் தோன்றியது. பிணத்துக்கு மரியாதை தந்து அடக்கிக்கொண்டேன்.

"சார், ப்ளைட்ல மொத்தம் எத்தினி பெட்டி வந்துது?"

சுப்புராமன் நெற்றியைத் துடைத்தார். "ரெண்டும்மா. இன்னொண்ணு அரூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு. பேரு இனியன், இருபத்திரண்டு வயசு. இந்தப் பெட்டியோட பேப்பர்ல ஒரு சீல் விட்டுப்போச்சு, அதனால ரெண்டு நாள் லேட். அது முந்தாநாளே போயிடுச்சு."

"போன் போடுங்க."

அவர் தயங்கினார். நான் பெட்டியின் குறுக்கே நின்றேன். ஐந்தாறு நம்பர் மாறி, கடைசியில் இனியனின் அம்மாவுடைய குரல் வந்தது. என்னத்தைச் சொல்லி ஆரம்பிப்பது? நேராகவே கேட்டேன்.

"அம்மா, நீங்க பெட்டிய தொறந்து பாத்தீங்களா?"

"தொறக்கக் கூடாதுன்னாங்க கண்ணு. நேத்து எரிச்சிட்டம். இன்னிக்கிக் காலையில சாம்பல ஆத்துல கரைச்சிட்டம். ஏன் கண்ணு?"

இங்கே வந்த பெட்டியைப் பற்றிச் சொன்னேன். பிறகு அந்தக் குரல் மெல்லக் கேட்டது.

"வலது கையில சுண்டு வெரலப் பாரு கண்ணு. நகம் இருக்காது. சின்னதுல கதவுல நசுங்குனது."

குனிந்து பார்த்தேன். நகம் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது.

"ஆமாம்மா. நகம் இல்ல."

"மத்த வெரலெல்லாம் நல்லா இருக்குதா கண்ணு?"

"அஞ்சும் கீதும்மா."

"நாங்க வர்ற வரைக்கும் பாத்துக்கறயா?" என்றார் அந்த அம்மா.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அரூரில் எரிந்தது யார்? என் வீட்டுக்காரரா, மூன்றாவதாக வேறொருத்தரா? எந்த அதிகாரியும், எந்த டாக்டரும் இனி சொல்ல முடியாது. ஆற்றைக் கேட்டால் சொல்லுமா? புதுப்பட்டினத்துக் கடலில் கரைக்கலாம் என்று இருந்தோம். கரைக்க ஒரு பிடி சாம்பல்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை. தெரியாமலே கிழவியாகப் போகிறேன். என் மாமியார் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் எப்போது சொல்வது, யார் சொல்வது?

அரிசியை அவர் விரல்களிலிருந்து பிரித்து வாங்கிக் கிண்ணத்தில் போட்டேன். அதைப் போட வேண்டியவள் அரூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். சுப்புராமனின் காகிதத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் 'இவர் என் கணவர் இல்லை' என்று எழுதி, அதன் கீழே என் பெயரைப் போட்டேன்.

திரும்பினால் தமிழ்வாணன் தன் பைக் அருகே போயிருந்தான். சாவியைப் போட்டுவிட்டான். நான் ஓடிப்போய் அதைப் பிடுங்கினேன்.

"இனியன்னு ஒரு பையன். அவனையும் நீதான அனுப்புன?"

தலையைக் குனிந்துகொண்டான். அதுவே போதுமாக இருந்தது.

"ஒரு வேலை கீது தங்கச்சி, போயிட்டு வந்துர்றேன்."

"எந்த வேலைக்கும் நீ போவமாட்ட." அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். தெருவில் ஒருத்தரும் தடுக்கவில்லை. "ஐஸ் வரும். கரைய கரைய நீயே மாத்து. அந்தம்மா வரட்டும். வந்ததும் புள்ளையோட கைய எடுத்து, அஞ்சு வெரலையும் நீயே எண்ணிக் காட்டு."