டம்ளருக்கு இடப்பக்கம்

கோல்ஃப் மைதானத்தில் பந்தைக் கண்காணாத தூரத்துக்கு விளாசுகிறவனுக்குத்தான் கைதட்டல். குழிக்கு நாலடி தள்ளிக் கிடக்கும் பந்தைச் சின்ன மட்டையால் உருட்டி உள்ளே தள்ளுகிறவனை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் ஆட்டம் கைவிட்டுப் போவது எங்கே? அந்த நாலடியில்தான். சொன்னால் ஒத்துக்கொள்ள எவனுக்கு மனசு வருகிறது?

அந்த உருட்டலைக் கற்றுக்கொடுக்கத்தான் கிளப்பில் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள், அதுவும் தற்காலிகமாக. எல்லோருக்கும் அவள் 'கோச்'. கிளப் செயலாளருக்கு மட்டும் 'குழி டீச்சர்'. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார், திமிரைப் பாருங்கள்.

"உருட்டுறதுக்கு ஒரு வகுப்பாம், அதுக்கு ஒரு கோச்சாம்! அந்தச் சின்னப் புல்தரையை எடுத்துட்டா கார் நிறுத்தவாவது இடம் கிடைக்கும்" என்று கமிட்டிக் கூட்டத்தில் கேலி செய்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் மெல்ல ஒரு யோசனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருடாந்திரப் போட்டியில் செயலாளரின் அணியோடு கோச்சின் மாணவர்கள் மோதட்டும். ஜெயித்தால் புல்தரையும் இருக்கட்டும், அவள் வேலையும் நிரந்தரமாகட்டும். தோற்றால் கார்.

அவள் வகுப்பில் இருந்ததே மொத்தம் நாலு பேர். அணிக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் தேறிவிட்டார்கள், பரவாயில்லை. நாலாவது ஆள்தான் தலைவலி. யார் என்கிறீர்கள்? சொந்த நாத்தனார்!

நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. முறைத்துப் பார்த்தாளென்றால் ஒரு கட்டடமே கப்சிப். கல்யாணம் காட்சி என்று எதுவும் வேண்டாமென்று அண்ணன் வீட்டு மாடியில் இருந்தாள். வீட்டில் கோச் அவளை 'நீ' என்பாள், புல்தரையில் 'நீங்க' என்பாள். அந்த மரியாதைக்கெல்லாம் நாத்தனார் மசிகிற ரகமில்லை. ஊருக்கே பாடம் நடத்துகிறவளுக்குத் தான் உட்கார்ந்து பாடம் கேட்பது என்றால் எட்டிக்காய்.

"மணிக்கட்டை மடக்காதீங்க. தோள்தான் ஆடணும், மணிக்கட்டு தூங்கணும்" என்று கோச் தொண்டை கிழியக் கத்துவாள். நாத்தனார் அடிப்பாள். பந்து குழியின் இடப்பக்கமாகப் போகும். மறுபடி அடிப்பாள். மறுபடியும் இடப்பக்கம்.

"வீட்டு ஹால்ல அடிச்சா ஒண்ணுகூடத் தப்பல அண்ணி. உங்க புல்லுலதான் ஏதோ கோளாறு!"

அது பொய்யுமில்லை, அதுதான் கோச்சைக் குடைந்தது. தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் நாத்தனார் ஹாலின் ஒரு கோடியில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்துவிட்டு, மறு கோடியிலிருந்து பந்தை உருட்டுவாள். டங்! டங்! ஒவ்வொன்றும் உள்ளே. அதே கை, அதே மட்டை. புல்லில் வந்தால் மட்டும் என்ன பேய் பிடிக்கிறது?

வியாழக்கிழமை காலை கோச்சின் புருஷன் ஹாலைக் கழுவிக்கொண்டிருந்தான். தரைக்கு ஓடு பதிப்பது அவன் தொழில், அந்த ஹால் தரையும் அவன் கைவண்ணம்தான். வாசல் பக்கமிருந்து ஒரு வாளித் தண்ணீரை விசிறினான். தண்ணீர் கொஞ்ச தூரம் நேராக ஓடி, பிறகு எல்லாமாக வலப்பக்க மூலைக்குத் திரும்பி, அங்கிருந்த ஓட்டையில் இறங்கியது.

"பாத்தியா, ஒரு சொட்டு நிக்குதா? கண்ணுக்கே தெரியாத சரிவு. நான் போட்ட தரை, சும்மாவா!" என்று மீசையை முறுக்கினான்.

கோச்சுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈரத்தைத் துடைக்கச் சொல்லி அவன் உயிரை எடுத்தாள். துடைத்ததும் டம்ளரை வைத்து, பந்தைக் கையாலேயே நேராக உருட்டிவிட்டாள். பந்து டம்ளருக்கு ஒரு சாண் வலப்பக்கமாகப் போய்ச் சுவரில் முட்டியது.

"அடக் கடவுளே! இத்தனை நாளா நம்மளை ஏமாத்தினது இந்தத் தரைதானா!"

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாத்தனாரைப் படியிலிருந்து இழுத்து வந்து உட்கார வைத்தாள். "உன் மணிக்கட்டு பந்தை இடப்பக்கம் இழுக்குது. இந்தத் தரை அதை வலப்பக்கம் தள்ளிக் கொண்டுபோய் டம்ளர்ல சேர்க்குது. நீ தப்பா அடிக்க அடிக்க உன் அண்ணன் தரை சபாஷ் போடுது. புல்தரை சமதளம். அங்க உன்னைக் காப்பாத்த யாருமில்ல."

நாத்தனார் பந்தைத் தானே இரண்டு தடவை உருட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. "இந்த ஹால்ல நான் ராணியாட்டம் இருந்தேனே அண்ணி" என்றாள். குரல் உடைந்துவிட்டது. பாவம், அத்தனை ராத்திரி உழைப்பு. தரையைப் பார்க்காமல் மணிக்கட்டையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோமே என்று கோச்சுக்கு வெட்கமாக இருந்தது.

"அழறதுக்கு நேரமில்ல. லீவு போடு" என்றாள்.

"லீவா? நானா?"

போட்டாள்! பள்ளிக்கூடமே அதிர்ந்திருக்கும்.

கொத்தனார்கள் கோடு போடும் சாயநூலைப் புருஷன் கொண்டுவந்தான். பயிற்சிப் புல்தரையில் நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினான். பந்திலிருந்து குழிவரை நீலக்கோடு ஒன்று பளிச்சென்று விழுந்தது. அந்தக் கோட்டின் மேலேயே மட்டை பின்னால் போக வேண்டும், அதே கோட்டின் மேலேயே முன்னால் வர வேண்டும். நாத்தனாரின் கைப்பையிலிருந்த மர அடிஸ்கேலை கோச் உருவி, அதன் ஒரு பாதியை மட்டையின் பிடியோடும் மறுபாதியை இடது முன்கையோடும் சேர்த்துக் கட்டினாள். மணிக்கட்டு மடங்கினால் ஸ்கேல் கையில் அழுத்தும்.

"ஆ! வலிக்குது அண்ணி!"

"எத்தனை பிள்ளைங்க சொல்லியிருக்கும் இதே ஸ்கேலைப் பாத்து! கண்ணு பந்துக்கு நேர் மேலே இருக்கட்டும். பின்னால எவ்வளவு போச்சோ, முன்னாலயும் அவ்வளவு. தலையைத் தூக்கக் கூடாது. பந்து விழுந்ததைக் காது சொல்லும், அதுக்கப்புறம் பாருங்க."

வெள்ளி முழுக்க நீலக்கோடுதான். அன்று சாயங்காலம் பந்து கோட்டை விட்டு விலகவேயில்லை. சனிக்கிழமை அவளை மறுபடி ஹாலுக்கே கூட்டிவந்தாள். "இப்ப இதே சரிவுல அடி. ஆனா சரிவைப் பாக்கறது கண்ணோட வேலை, கையோட வேலை இல்ல. டம்ளருக்கு ஒரு சாண் இடப்பக்கம் ஒரு இடத்தைக் குறிச்சுக்கோ. அங்க குழி இருக்கறதா நெனச்சு நேரா அடி. மிச்சத்தைத் தரை பாத்துக்கும்."

டங் என்றது டம்ளர். நாத்தனார் அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் பந்தை எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இழுபறியாகவே நகர்ந்தது. மூன்று மாணவர்களும் மானத்தைக் காப்பாற்றினார்கள். கடைசிக் குழிக்கு நாத்தனாரும் செயலாளரும் வந்து சேர்ந்தபோது கணக்கு சரிசமம். செயலாளர் தன் பந்தைக் குழியில் போட்டுவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு ஒதுங்கினார். அவர் அடித்ததைவிட இரண்டு தடவை குறைவாகவே நாத்தனார் இதுவரை அடித்திருந்தாள். இந்த அடியில் பந்து விழுந்தால் ஜெயம். விழாவிட்டால் இன்னொரு அடி, ஆட்டம் சமன். சமனானால் கோப்பை போன வருடம் வைத்திருந்தவர்களுக்கே, அதாவது செயலாளருக்கே.

குழிக்கும் பந்துக்கும் நடுவே நாலடியைவிடக் கொஞ்சம் அதிகம். பார்க்கப் பலகையாட்டம் தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் கோச்சுக்கு அந்த இடம் அத்துப்படி. கண்ணுக்கே தெரியாமல் வலப்பக்கம் இறங்குகிற புல் அது. இரண்டு நாளாக நேராக அடி, நேராக அடி என்று உயிரை வாங்கியாயிற்று. இவள் இப்போது நேராகக் குழியைப் பார்த்து அடித்தால் போச்சு, எல்லாம் போச்சு. ஓடிப்போய்ச் சொல்லவும் முடியாது. வெளியிலிருந்து ஆட்டக்காரருக்கு யோசனை சொல்வது விதிக்கு விரோதம். கோச் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பக்கத்தில் புருஷன் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"சீக்கிரம் ஆகட்டும் டீச்சரம்மா, காரெல்லாம் வரிசையில நிக்குது" என்றார் செயலாளர்.

நாத்தனார் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பந்தின் பின்னால் குந்தி உட்கார்ந்தாள். எழுந்து குழிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து மறுபடி குந்தினாள். சட்டென்று அவள் உதட்டில் ஒரு சிரிப்பு ஓடியது.

"நம்ம ஹாலுதான்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

கோச்சுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாத்தனார் நின்றாள். கண் பந்துக்கு நேர் மேலே. தோள் ஆடியது, மணிக்கட்டு தூங்கியது. பந்து குழியைப் பார்க்காமல் இடப்பக்கமாகக் கிளம்பியது.

"போச்சு!" என்று செயலாளர் கையைத் தட்டினார்.

நாத்தனார் தலையைத் தூக்கவில்லை. பந்து மெதுவாக, மிக மெதுவாக, வாளித் தண்ணீர் திரும்பிய மாதிரியே வலப்பக்கம் திரும்பிற்று. விளிம்பில் ஒரு நொடி தயங்கியது. டொக்!

காது சொன்ன பிறகுதான் அவள் நிமிர்ந்தாள். அப்புறம் அங்கே நடந்ததை என்னவென்று சொல்ல! மூன்று மாணவர்களும் ஓவென்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். கோச்சின் புருஷன், "என் தரை! நான் போட்ட தரை!" என்று முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தான். ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கிறவள் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குழந்தை மாதிரி ஓடிவந்து அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஜெயிச்சிட்டோம் கோச்!" என்றாள். வீட்டிலும் சரி, புல்லிலும் சரி, அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கோச் தேம்பித் தேம்பி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

கூட்டம் கலைந்த பிறகு செயலாளர் மெல்ல வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். அவருக்கும் குழி ஓரத்தில் கை நடுங்கும் என்பது கிளப்புக்கே தெரிந்த ரகசியம்தான்.

"வந்து... கோச்... உங்க வகுப்பு காலையில எத்தனை மணிக்கு?"

கோச் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"ஏழு மணி. வரும்போது ஒரு அடிஸ்கேல் கொண்டுவாங்க. லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும்."